அத்தான் எடுக்க வேண்டிய வகுப்பு

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு கல்லூரி என்று எதற்குள்ளாவது நுழைந்திருக்கிறேன் என்றால் பெயின்ட் அடிக்க, பந்தல் போட, ஒருமுறை கிணறு தூர்வார. இந்தத் தடவை அத்தானுக்குத் துணையாகப் போனேன். அவர் அங்கே வகுப்பு எடுக்கப் போனார்.

அத்தான் என்றால் என் அக்கா பாண்டியம்மாவின் வீட்டுக்காரர். பெயர் ஏகாம்பரம், பிள்ளைப்பாக்கத்துக்காரர், வயது ஐம்பத்தேழு. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருஷம் லைனின் கடைசியில் நின்றவர். வெளியே போகிற ஒவ்வொரு பாகத்தையும் கேஜ் வைத்து அளந்து, சரி, சரியில்லை என்று சொல்வது அவர் வேலை. இப்போது மறதி நோய். யாராவது அதை ‘முதுமை மறதி’ என்று சொன்னால், “முதுமை உங்க அப்பனுக்கு” என்பார்.

ஒரகடம் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து அவர்கள் ஒரு திட்டம் நடத்துகிறார்கள். இந்த நோயோடு வாழ்கிறவர்களையே ஆராய்ச்சியிலும் பாடம் நடத்துவதிலும் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். ஊரில் முகாம் போட்டபோது அத்தானிடம் கேட்டிருக்கிறார்கள், மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க வருவீர்களா என்று. அவர் மறுபேச்சு இல்லாமல் சரி என்றிருக்கிறார். அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான்: “எனக்கு சொல்றதுக்கு ஒண்ணு கீது. மறக்கறதுக்குள்ள சொல்லணும்.” என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. வகுப்பில்தான் சொல்வாராம்.

அக்காவுக்குக் கம்பெனி கேன்டீனில் வேலை, சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடையாது. நான் அப்போது மல்பே துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். “எங்கிட்டாவது சுத்திக்கிட்டுத்தானே இருக்க, இங்க வந்து மூணு நாள் சுத்து” என்றாள். வந்தேன்.

முதல் நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் கூட்டுரோட்டில் தள்ளுவண்டியில் இட்லியும் வடகறியும். வடகறி எனக்குப் புரியாத பொருள். எங்கள் கமுதிப் பக்கம் மிஞ்சிய வடையை மாட்டுக்குப் போடுவோம், இங்கே மசாலா போட்டு மனுஷனுக்கே போடுகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்த இரண்டு திருநெல்வேலிப் பையன்கள் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஏல, இன்னைக்கும் ஓ.டி. பாக்கச் சொல்லுதான் சூப்பர்வைசர்.”

“நீ என்னல சொன்ன?”

“எங்கம்மைக்கு மேலுக்குச் சொகமில்லன்னேன்.”

“போன மாசமே உங்கம்மையக் கொன்னுட்டியேல!”

அத்தான் இட்லியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கு ஒரு நோயும் இல்லை.

இந்த ரோட்டில் நடக்கிறவனுக்கு இடம் கிடையாது. கன்டெய்னர் லாரி, புதுக் கார்களை மாடி மாடியாக ஏற்றிய லாரி, கண்ணாடி மூடிய கம்பெனி பஸ். அந்த பஸ்கள் கம்பெனி ஆளைத் தவிர யாருக்கும் நிற்காது. ஷேர் ஆட்டோக்காரர் எங்களை இறக்கிவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது, பல்கலைக்கழக வாசல் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் ஆள் உயரத் தடுப்பு. சுற்றிக்கொண்டு வர இரண்டு கிலோமீட்டர். வண்டி இல்லாமல் யாராவது வருவார்கள் என்று அந்த வாசலைக் கட்டியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

“வா காளி” என்று அத்தான் என் கையைப் பிடித்து இழுத்தார். ரோட்டுக்கு அடியில் மழைத் தண்ணீர் போகிற பாலம் ஒன்று இருந்தது. குனிந்து நுழைந்தால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். தலைக்கு மேல் லாரிகள் இடிக்கிற சத்தம். ஆனால் நேராக எதிர்ப்பக்கம் ஏறினோம். எத்தனையோ விஷயம் போய்விட்ட அந்த மண்டையில் இந்தப் பாலம் போகவில்லை.

வரவேற்பறையில் எங்களுக்காக நின்றவர் பெயர் பிரபு. ஆராய்ச்சி உதவியாளர். முப்பது வயது இருக்கும். கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மூன்று நாளும் என் வயிற்றெரிச்சல் எல்லாம் அவர் மேல்தான் விழுந்தது. அத்தானின் நனைந்த பேன்ட்டைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சாருக்கு யூரின் கன்ட்ரோல் எப்படி இருக்கு?” என்று காதருகில் கேட்டார்.

“என் பேன்ட்டும்தான் நனைஞ்சிருக்கு. எனக்கும் எழுதிக்கங்க” என்றேன்.

அப்புறம் மேஜைமேல் கழுத்தில் மாட்டுகிற அட்டைகளை எடுத்தார். பேராசிரியர்களுக்கு நீலக் கயிறு. துணைக்கு வந்தவர்களுக்குப் பச்சை. நோய் உள்ளவர்களுக்குச் சிவப்பு. வளாகத்தில் வழி தெரியாமல் போய்விட்டால் செக்யூரிட்டி அடையாளம் கண்டு கூட்டி வருவதற்காகவாம். எனக்குப் பச்சையை மாட்டினார். அத்தான் கழுத்துக்குச் சிவப்பைக் கொண்டுபோனதும் அத்தான் பின்னால் நகர்ந்தார்.

“ரெட் டேகு எனக்கு இன்னாத்துக்கு?”

“சும்மா அடையாளத்துக்குத்தான் சார்.”

“இன்னா அடையாளம்? இவனுக்குப் பச்ச, எனக்கு ரெட்டு. எவன் பாத்து முடிவு பண்ணான்? கேஜ் வெச்சியா நீ? கேஜ் வெக்காம எவனும் ரெட் டேக் போடக்கூடாது!”

குரல் உயர்ந்தது. கயிற்றைப் பிடுங்கி மேஜைமேல் எறிந்தார். பிரபு நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். கூட்டினேன். ‘அஜிடேட்டட்.’ போனில் போட்டுப் பார்த்தேன். பதற்றம், கொந்தளிப்பு என்று வந்தது.

இந்தப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஐந்நூறு கம்பெனி இருக்கும். இந்த ரோட்டில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும், பச்சை டேக் என்றால் சரியான பாகம், மஞ்சள் என்றால் சந்தேகம், சிவப்பு என்றால் கழிவு. சிவப்பு டேக் விழுந்த பாகம் சிவப்புத் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து உருக்கப் போகும். பதினெட்டு வருஷம் அந்த டேக்கைக் கையால் கட்டிய மனுஷன் கழுத்தில் அதையே கட்டினால் அவர் என்ன செய்வார்? கும்பிடுவாரா? இதை பிரபுவிடம் சொன்னேன். “ஓ, இன்ட்ரஸ்டிங்” என்று அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். முன்னால் எழுதியதை அடிக்கவில்லை.

மதியம் பொட்டலச் சாப்பாடு. துணைக்கு வந்த எங்களுக்கு பிரியாணி. அத்தானோடு சேர்த்து நோய் உள்ளவர்கள் ஐந்து பேருக்கும் குழைந்த தயிர்சாதம். அத்தான் திறந்து பார்த்தார். “எனக்கு மூளைல தான் கோளாறு, பல்லுல இல்ல” என்று என் பொட்டலத்தை இழுத்துக்கொண்டார். நான் தயிர்சாதம் தின்றேன். உப்பு இல்லை.

மறுநாள் புதன்கிழமை. கண்விழித்தபோது வீடு முழுக்கக் கோழிக்குழம்பு வாசனை. அக்கா துணி மூட்டையை ஊறப்போட்டுவிட்டு அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, புதன்கிழமை கோழி?”

“ஞாயித்துக்கெழம கோழி எடுக்காம?”

எனக்கு விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். கேன்டீனில் அவளுக்கு இந்த மாதம் புதன்கிழமை விடுமுறை. போன மாதம் வெள்ளி. எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் திங்கள். இந்த வட்டாரத்தில் கம்பெனிக்குப் போகிற வீடுகளில் விடுமுறை என்றைக்கு விழுகிறதோ அதுதான் ஞாயிறு. அன்றுதான் கறி, துணி துவைப்பது, தலைக்கு எண்ணெய். காலண்டர் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பாட்டுக்குக் காலை ஏ ஷிப்ட் போய்க்கொண்டிருப்பார்கள். ஒரே தெருவில் மூன்று வீட்டில் மூன்று ஞாயிறு.

“நல்ல ஞாயித்துக்கெழம பாத்துதான் பரீட்ச வெக்கிறானுங்க” என்று அத்தான் முனகிக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டார். சட்டைப் பையில் இரண்டு பேனா. இன்றைக்கு நினைவுப் பரீட்சை மட்டும், வகுப்பு நாளைக்குத்தான் என்றேன். “ட்ரயல் பாக்க வேணாமா?” என்றார்.

அன்று ஷேர் ஆட்டோ ஒன்றும் அகப்படவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று ஒரு கம்பெனி பஸ் எங்களைத் தாண்டிப் போய், தூரத்தில் பிரேக் அடித்து நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்.

“ஏகாம்பரண்ணே! இன்னாண்ணே நடந்து போய்க்கினு கீற? ஏறு, ஏறு, பின்னால வர்றவன் மேல ஏத்திடப்போறான்!”

காலியாகத் திரும்பும் பஸ். டிரைவர் அத்தானிடம்தான் பேசிக்கொண்டு வந்தார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஒடம்பு எப்டிண்ணே கீது?” என்று கேட்டார். அத்தான் யோசித்தார். “ஒடம்பு நல்லா கீது. பேருதான் வர மாட்டேங்குது. உம் பேரு இன்னா?” என்றார். “முனுசாமிண்ணே. மறந்துபோனா இன்னாண்ணே, நீ மறந்தா நான் சொல்றேன், நான் மறந்தா என் பொண்டாட்டி சொல்லுவா” என்று அவர் ஹாரன் அடித்தார். அவ்வளவுதான். யாரும் நோட்டு எடுக்கவில்லை.

பரீட்சை ஒரு ஏசி அறையில். என்னைக் கதவோரம் உட்கார வைத்தார்கள், வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்று பொருளின் பெயரைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார் பிரபு. அத்தான் இரண்டைச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். நான் தடுமாறியிருப்பேன், அத்தான் எழுபத்தொன்பது வரை இறங்கினார். பிறகு பிரபு கேட்டார்:

“இன்னைக்கு என்ன கிழமை சார்?”

“ஞாயிறு.”

பிரபு பேப்பரில் ஒரு பூஜ்யம் போட்டார். எனக்கு நாக்கு துடித்தது. என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஏப்பத்தில் இன்னும் கோழிக்குழம்பு வாசனை இருந்தது.

“நாம இப்போ எங்க இருக்கோம்?”

“கோவிந்தன் கொல்லில.”

இன்னொரு பூஜ்யம். பல்கலைக்கழகத்தின் அந்தக் கட்டடம் நிற்கிற இடம் முன்பு யாருடைய கொல்லை என்று அந்த வட்டாரத்தில் அத்தான் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கிலீஷில் பன்னிரண்டு சொல். அதை அங்கே வேலை பார்க்கிறவர்களே முழுதாகச் சொல்லி நான் கேட்கவில்லை.

பரீட்சை முடிந்து நடையில் நின்றோம். பிரபு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். “கட் ஆஃபுக்கு ரெண்டு மார்க் கம்மியா வந்திருக்கு. அதனால நாளைக்கு சார் பேச முடியாது. மேடைல உட்காருவார். புரொஃபசர் மேடம் அவரைப் பத்தி ஸ்டூடன்ட்ஸுக்கு எக்ஸ்ப்ளெயின் பண்ணுவாங்க. குடும்பத்து சார்பா நீங்க அஞ்சு நிமிஷம் பேசினா போதும்.”

அத்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒரு முழம் தூரம்கூட இல்லை.

நான் குரலை உயர்த்தினேன். எந்த ரெண்டு மார்க் என்று எனக்குத் தெரியும் என்றேன். இந்த ஊரில் ஞாயிறு என்றால் என்ன என்று போய்க் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற அம்மாவைக் கேளுங்கள் என்றேன். பிரபு பொறுமையாகக் கேட்டார். உலகம் முழுக்க ஒரே கேள்வித்தாள்தான் என்றார். அப்படியானால் உலகம் முழுக்கத் தப்பு என்றேன். செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். அத்தான் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் மட்டும் சொன்னார்:

“என்ன குந்த வெச்சு காட்டப்போறாங்களாம்.”

அக்கா கோழிக்குழம்பை மறுபடி சூடு பண்ணினாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை. பெரிய கூடம், அறுபது எழுபது மாணவர்கள், பாதிப் பேர் நர்சிங். மேடைக்குப் பின்னால் துணிப் பதாகை: ‘வாழ்ந்து பார்த்தவர்களே எங்கள் ஆசிரியர்கள்.’ அதற்குக் கீழே, நாற்காலியில், வாயைத் திறக்கக்கூடாத ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். பேராசிரியை இங்கிலீஷில் பேசினார். அத்தானுக்கு இங்கிலீஷ் புரியாது என்று நினைத்திருக்க வேண்டும். லைனில் வேலை பார்த்த யாருக்கும் அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். அந்த அம்மா ‘லாஸ்’ என்னும்போதெல்லாம், ‘டிக்ளைன்’ என்னும்போதெல்லாம், அத்தான் தலையை அவர் பக்கம் திருப்பினார்.

பிறகு மைக் என் கைக்கு வந்தது.

நான் பேசினேன். ஐந்து நிமிஷம் என்றார்கள், பதினைந்து நிமிஷம் பேசினேன். சிவப்புக் கயிறு, பாலத்துத் தண்ணீர், உப்பில்லாத தயிர்சாதம், ஞாயிறு, கோவிந்தன் கொல்லை, ஒன்று விடவில்லை. மாணவர்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். பேராசிரியையின் முகம் சிறுத்துப்போனது. பிரபு தரையைப் பார்த்தார். என் வாழ்க்கையில் அறுபது பேர் என் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அத்தானின் மனசில் இருப்பது எனக்குத் தெரியும், இன்னும் சொல்கிறேன் கேளுங்கள் என்று நான் தொடங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“காளி. குந்து.”

திரும்பினேன். அத்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“எம் மேட்டர நீ இன்னாத்துக்குடா பேசற? அந்தம்மா கொஞ்ச நேரம் பேசுது, நீ கொஞ்ச நேரம் பேசற. மைக்க குடு.”

கூடம் சிரித்து, உடனே அடங்கியது. கொடுத்தேன்.

அவர் மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டார். மூச்சுச் சத்தம் முதலில் கேட்டது.

“எம் பேரு ஏகாம்பரம். இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தேன். ஒரு நாளு ஸ்கேன் எடுக்கணும்னு ஆஸ்பத்திரிக்குப் போனோம், நானும் எம் பொஞ்சாதியும். டாக்டரு அவள உள்ள கூப்ட்டாரு. என்ன வெளிய குந்த சொல்ட்டாரு. வெளிய ஒரு பெஞ்சி. நான் பெஞ்சில…”

நின்றுவிட்டார். கண்கள் எதையோ தேடின. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பேராசிரியை சட்டென்று முன்னால் வந்து, “அவர் என்ன சொல்ல வர்றார்னா…” என்று தொடங்கினார்.

அத்தான் உள்ளங்கையை அவருக்கு நேரே நீட்டினார்.

“லைன் நின்னுகீது. நிக்கட்டும். யாரும் கைய வெக்காதீங்க.”

ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். ஒரு பெண் இருமினாள், வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கலாமா என்று கை பரபரத்தது. கொடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பீடி புகைக்கிற நேரம் இருக்கும்.

“அவ வெளிய வந்தா” என்றார். “கண்ணு செவந்து கீது. இன்னா சொன்னாருன்னு கேட்டேன். சத்து இல்லியாம், மாத்திர குடுத்துருக்காருன்னா. ஆறு மாசம் சத்து மாத்திரன்னு துன்னுக்கினு இருந்தேன். அந்த ஆறு மாசத்துல லைன்ல எங் கேஜ் காணாம போச்சு. ரெண்டு தபா, மூணு தபா. எம் பக்கத்துல சேகர்னு ஒருத்தன். பதினஞ்சு வருசமா ஒரே டப்பால சோறு துன்னவன். நீதான்டா எடுத்தன்னு அவன் சட்டையப் புடிச்சேன். எல்லாரும் பாக்கசொல்ல திருடன்னேன். கேஜ் என் லாக்கர்லயே இருந்துச்சு. நான்தான் வெச்சேன். எனக்குத் தெரில.”

மைக்கை வேறு கைக்கு மாற்றினார்.

“எனக்கு இந்த நோவு கீதுன்னு அன்னிக்கி எனக்குத் தெரிஞ்சிருந்தா, கேஜ் காணோம்னா முதல்ல என் லாக்கரப் பாத்திருப்பேன். அவன் சட்டையப் புடிச்சிருப்பனா? டாக்டருக்குத் தெரியும். எம் பொஞ்சாதிக்குத் தெரியும். கம்பெனி ஆபீஸ்ல தெரியும். தோ நிக்கறானே, எங்கயோ ஊர் சுத்திக்கினு இருந்தானே, இவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நோவு யாருக்கு? எனக்கு. இதான் பாடம். நீங்கல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போவீங்க. பெஞ்சில குந்திகினு கீறான் பாரு, அவன்கிட்ட மொதல்ல சொல்லுங்க.”

இதை நான் மேலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதக் கூச்சமாக இருந்தது. ஆமாம், எனக்குத் தெரியும். ஸ்கேன் எடுத்த அன்றைக்கே அக்கா போனில் அழுதாள். “அவர்கிட்ட சொல்லிராதடா, ஒடஞ்சிருவாரு” என்றாள். சரி என்றேன். நான் ஒன்றும் பெரிதாக யோசிக்கவில்லை. சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்தில் அத்தானே என்னை நாலைந்து முறை கூப்பிட்டார். மீன் என்ன விலை, மழை உண்டா என்று பேசிவிட்டு வைத்தேன். இரண்டு நாளாக நான் பிரபுவின் நோட்டைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். பிரபு அவரை முதன்முதலாகப் பார்த்தது அதற்கு முந்தைய மாதம்தான். நான் அவரை இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கூடத்தில் யாரும் கை தட்டவில்லை. நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பேராசிரியையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. “ஐயா, அந்த சேகர் சார்கிட்ட அப்புறம் பேசினீங்களா?” என்று கேட்டாள்.

அத்தான் வெகுநேரம் யோசித்தார்.

“பேசனனான்னு ஞாபகம் இல்லம்மா” என்றார்.

வெளியே வந்ததும் பேராசிரியைக்கு ஒரே சந்தோஷம். கண்கூடக் கலங்கியிருந்தது. அற்புதம் என்றார். ஒவ்வொரு பேட்சுக்கும் அவர் வந்து இதே மாதிரி பேச வேண்டும், வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றார். “அதே மாரி வராதும்மா, அப்பப்ப வர்றதுதான்” என்றார் அத்தான். பிரபு அதற்கான சம்மதப் படிவத்தை நீட்டினார், என்னிடம். காப்பாளர் கையெழுத்துக் கோடு ஒன்றுதான் இருந்தது. மதிப்பெண் குறைந்தவர்களுக்கு வேறு படிவமாம், அதில் அவர் போட இடமில்லை.

நான் படிவத்தை அத்தானிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். பேராசிரியைக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“நான் கையெழுத்து போட்டாதான் லாரி கேட்டத் தாண்டும், பதினெட்டு வருசம். எனக்குக் கோடு போட்டு எடுத்துக்கினு வா. போடறேன், வர்றேன்.”

“விதி அப்படி சார். நெறிமுறைக் குழுதான் மாத்த முடியும்” என்றார் பிரபு.

“அதுல யார் யாரு கீறாங்க?”

பேராசிரியை சொன்னார். டாக்டர்கள், வக்கீல், பேராசிரியர்கள், பொதுமக்கள் சார்பில் ஒருவர்.

“இந்த நோவு வந்தவன்?”

இல்லை என்றார்.

“அப்ப என்னக் கூப்புடு. நான் பேசறேன்.”

அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் கூப்பிடுகிறோம் என்றார்கள். பிரபு என் நம்பரை வாங்கிக்கொண்டார். அத்தான், “எந் நம்பர எழுது” என்றார். எழுதிக்கொண்டார்.

ரோட்டில் டீக்கடையில் நின்றோம். டீ பாகாக இனித்தது. லாரி புழுதி க்ளாஸுக்குள் விழுந்துகொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

“அத்தான், எம்மேல கோவமா?”

“எதுக்கு?”

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கசப்பு இருக்கிறது. அவர் டீயை ஒரு வாய் குடித்தார். க்ளாஸை வைத்தார்.

“கீது” என்றார்.

நாலு மாதம் ஆகிறது. குழு இரண்டு முறை கூடியதாக பிரபுவே என்னிடம் சொன்னார், நான் கூப்பிட்டுக் கேட்டபோது. அத்தானின் விஷயம் பட்டியலில் இருக்கிறதாம், நேரம் போதவில்லையாம். அவர்களுக்கு நேரம் இருக்கிறது. அடுத்த கூட்டம் இருக்கிறது, அதற்கடுத்த கூட்டம் இருக்கிறது. போன வாரம் அத்தானுக்கு ‘கேஜ்’ என்ற சொல் வரவில்லையாம். இரண்டு விரலை இடைவெளி விட்டு நீட்டி, அது, அது என்று அக்காவிடம் காட்டியிருக்கிறார். அக்கா இப்போது சொல் எடுத்துக் கொடுப்பதில்லை, காத்திருக்கிறாள். அன்றைக்கு அது வரவே இல்லை.

முந்தாநாள் அவரே கூப்பிட்டார். நான் ஹம்பி பக்கம் கரும்பு வெட்டில் இருந்தேன்.

“கமிட்டிலர்ந்து கூப்ட்டாங்களாடா?”

“இல்ல அத்தான்.”

“எனக்கும் கூப்புடல. சரி, நாமளே போவோம். நீ வா.”

“அழைக்காம எப்படி அத்தான் போறது? உள்ள விடமாட்டாங்களே.”

“கேட்டுல குந்திக்கிறேன். என்னிக்கோ ஒரு நாளு வெளிய வருவாங்கல்ல?”

வருகிறேன் என்றேன். வைக்கப் போனவர் மறுபடி கூப்பிட்டார்.

“காளி, அங்க வந்து நீ வாயத் தொறந்த, அந்த ரோட்லயே உன்ன வுட்டுட்டு வந்துருவேன்.”